அடுப்போர மேசை

வால்பர்காவின் விடுதியில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை உண்டு. கதவைத் திறந்தால் அது நேராக வந்து நாற்காலியின் முதுகில் இடிக்கும். பீர் குடிக்கிற ஊரில் அந்தக் கதவு எத்தனை முறை திறக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழு வருடமாக செவரின் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சூப் குடித்தான். இடி விழப்போகும் நேரத்தை முன்கூட்டியே கணித்து, கரண்டியை வாயிலிருந்து எடுத்துவிடும் அளவுக்குத் தேறியிருந்தான்.

அதே அறையின் மறுகோடியில், பச்சை ஓடு பதித்த கணப்பு அடுப்பை ஒட்டி இன்னொரு மேசை. பன்னிரண்டு பேர் சுற்றி உட்காரலாம். ஓக் மரம். ஒவ்வொரு காலும் யானைக்குட்டியின் காலைப்போல இருக்கும். அது கீழ ட்ரோஸ்லிங் தன்னார்வத் தீயணைப்புப் படையின் மேசை. அங்கே மற்றவர்கள் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒருமுறை மலையேற வந்த ஜோடி ஒன்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. வால்பர்கா வந்து நின்றாள். பார்த்தாள். ஜோடி எழுந்து மலைக்கே போய்விட்டது.

செவரினுக்கு அந்த ஊரில் வேண்டியிருந்ததெல்லாம் அந்த மேசையில் ஒரு இடம்.

ஊர்ப்பெண் கெர்லிண்டேயைக் கல்யாணம் செய்துகொண்டு வியன்னாவை விட்டு வந்தவன் அவன். பக்கத்து டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஊரில் பாதி மூக்குகளில் இருந்தது அவன் விற்ற கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அவனைப் பார்க்காமல் போவார்கள்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் மாவட்ட வானொலியிலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்து அடுப்போர மேசை முன் நின்றாள்.

"சம்பளம் கிடையாது. நேரம் காலம் கிடையாது. உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது. அப்புறம் எதுக்காக நீங்கள்லாம் இதுல சேந்தீங்க?"

படைத்தலைவர் லாம்பெர்ட் மீசையிலிருந்து பீர் நுரையைத் துடைத்துக்கொண்டார். அவர் பன்றிப் பண்ணைக்காரர். "அடுத்தவனுக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றதுதான்மா மனுஷத்தனம்" என்றார். மேசை முழுதும் தலையாட்டியது. தச்சன் பிர்மின், "ரத்தத்துலயே ஊறினது" என்றான். பால்வண்டி ஓட்டும் கிலியன், "தீயைக் கண்டா கையும் காலும் சும்மா இருக்காதுங்க" என்றான்.

அந்த ஊரில் கடைசியாகத் தீப்பிடித்தது எப்போது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சாணக்குவியல் புகைந்த கதை ஒன்றை வைத்துக்கொண்டு சமாளித்திருப்பார்கள்.

உண்மைக் காரணங்கள் செவரினுக்குத் தெரியும். ஏழு வருடம் சும்மா உட்கார்ந்திருப்பவனின் காதில் என்னதான் விழாது? தொப்பி வைத்தால் மந்திரி மாதிரி இருப்பதாக லாம்பெர்ட்டிடம் அவர் மனைவி என்றோ சொல்லியிருந்தாள். அன்று ஏறிய தொப்பி இறங்கவில்லை. பிர்மின் வீட்டில் மாமியார் இருந்தாள். பயிற்சி நாளன்று அவன் வீட்டிலிருந்து பயிற்சிக்கு ஓடும் வேகத்தில் எந்த விபத்துக்கும் யாரும் ஓடிப் பார்த்ததில்லை. கிலியனுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது சிவப்பு விளக்கைத் தாண்டி வண்டியோட்ட ஆசை. ஊரில் விளக்கே இல்லை. ஆனாலும் நம்பிக்கையைக் கைவிடவில்லை.

வானொலிப் பெண் போகிற வழியில் செவரின் பக்கம் மைக்கை நீட்டினாள். "நீங்களும் படையா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அறையின் மறுகோடியிலிருந்து லாம்பெர்ட்டின் குரல் வந்தது. "அவரா? அவர் விருந்தாளிம்மா."

கழிவறைக் கதவு திறந்து முதுகில் இடித்தது. அன்றைக்கு அவன் கணக்குத் தவறி, சூப் சட்டையில் கொட்டியது.

வீட்டில் கெர்லிண்டே சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மறுபடியும் கதவா?"

"ஏழு வருஷம், கெர்லிண்டே. ஏழு வருஷமா ஒருத்தன் விருந்தாளியா இருக்க முடியுமா?"

"எங்க அப்பா டைரோல்லேந்து வந்தவர். செத்தப்பக்கூட விருந்தாளியாத்தான் செத்தார். சவப்பெட்டியைத் தூக்கப் படைக்காரங்க வரல. படையில சேரு, இல்லேன்னா புலம்பாதே."

மறுநாள் அவன் லாம்பெர்ட்டின் பண்ணைக்குப் போனான். லாம்பெர்ட் இரண்டு கக்கத்திலும் பன்றிக்குட்டிகளை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"என்னையும் சேத்துக்கங்க, லாம்பெர்ட்."

"நீயா? உனக்குப் பன்னி பிடிக்கத் தெரியுமா?"

"தீயை அணைக்கப் பன்னி எதுக்குங்க?"

"ஓடத் தெரியுமான்னு கேக்குறேன்யா!" என்று லாம்பெர்ட் ஒரு குட்டியைக் கீழே விட்டார். குட்டி சிட்டாய்ப் பறந்தது. செவரின் கடைக்குப் போகும் சட்டையோடு சேற்றில் பாய்ந்து, வேலியோரம் மடக்கிப் பிடித்தான். ஒல்லியான உடம்பு, கல்லூரியில் ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் வாங்கியவன்.

லாம்பெர்ட்டின் கண்கள் சுருங்கின. நல்ல பன்றியைச் சந்தையில் பார்க்கும்போது சுருங்குகிற மாதிரி.

"கிலியன் பெஞ்சு மேல ஏறி நின்னு பாடுறேன்னு விழுந்து கணுக்காலை ஒடச்சிக்கிட்டான். மாவட்டப் போட்டிக்கு ஒரு ஆள் குறையுது. நீ ஓடு. நாம ஜெயிச்சா, அதுக்கு அடுத்த வாரம் நம்ம காவல் புனிதர் ஃப்ளோரியன் ஞாயிறு அன்னிக்குக் கொடியில கை வெச்சு உறுதிமொழி. அப்புறம் மேசை."

"தோத்தா?"

"கக்கூஸ் கதவு எங்கயும் போயிடாது."

கீழ ட்ரோஸ்லிங் படைக்குப் போட்டிதான் உயிர். நிலையச் சுவரில் கோப்பைகள் அடுக்கடுக்காக நின்றன. வாசலுக்கு மேலே புனித ஃப்ளோரியன் மரச்சிலையாக நின்று, எரியும் வீட்டின்மேல் ஒரு பானைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நிலையத்தில் தீயின்மேல் தண்ணீர் ஊற்றிய ஒரே ஆள் அவர்தான் என்பது செவரினுக்கு முதல் நாள் பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது.

பயிற்சி இப்படி: புல்தரையில் ஒரு பம்ப். ஒன்பது பேர். விசில் ஊதியதும் ஓடி, உறிஞ்சுகுழாய்களை ஒன்றோடொன்று பூட்டி, அதன் நுனியில் சல்லடைக் கூடையை மாட்டிப் புல்லில் வைக்க வேண்டும். மறுபக்கம் நீளக் குழாய்களை உருட்டி விரித்து, பீச்சுமுனையைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்க வேண்டும். கடைசி ஆள் "தாக்குதல் முடிந்தது!" என்று கத்தியதும் லாம்பெர்ட் கடிகாரத்தை அமுக்குவார்.

கூடை மாட்டும் வேலை செவரினுக்கு. மாட்டினான். வைத்தான். நிமிர்ந்தான். கேட்டான்.

"தண்ணி எங்க?"

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிர்மின் புல்லில் உருண்டான்.

"டேய், போட்டியில தண்ணி கிடையாதுடா! தண்ணியை விட்டா மைதானம் சேறாயிடும். அப்புறம் சாயங்காலம் பீர் பந்தலை எங்க போடுறது?"

"சரி. நிஜமாவே தீப்பிடிச்சா?"

"அப்ப தண்ணி விட்டுக்கலாம்" என்றார் லாம்பெர்ட், அதுவா பெரிய விஷயம் என்பதுபோல.

இரண்டாவது வாரம் செவரின் இன்னொன்றைக் கவனித்தான். குழாய் பூட்டுகளில் ரப்பர் வாஷர் எதுவுமே இல்லை. பதிலுக்குப் பன்றிக் கொழுப்பு வழவழவென்று தடவியிருந்தது.

"வாஷர் இருந்தா பூட்டு இறுகும், சட்டுனு வழுக்கி மாட்டாது, நேரம் போகும்" என்று பிர்மின் விளக்கினான். "இந்தக் கொழுப்பு தலைவரோட சொந்தப் பண்ணைச் சரக்கு."

"வாஷர் இல்லேன்னா ஒழுகாதா?"

"என்ன ஒழுகும்? தண்ணிதான் இல்லையே!"

செவரின் யோசித்தான். அடுப்போர மேசையை நினைத்துக்கொண்டான். வாயை மூடிக்கொண்டு கூடையை மாட்டினான். அவன் அறிவாளிதான், ஆனால் அறிவு கழிவறைப் பக்கம் உட்கார வைத்தது, வேகம் அடுப்புப் பக்கம் கூட்டிப்போகும் போலிருந்தது.

போட்டி நாள். மாவட்டம் முழுவதிலிருந்தும் படைகள், வாத்தியக் குழுக்கள், பொரித்த கோழி வாசனை. இவர்களுக்கு முன் மைதானத்தில் இறங்கியது மேல ட்ரோஸ்லிங். ஊர் இன்னும் சின்னது. படை அதைவிடச் சின்னது. தலைவி ஹெட்விக் பிரசவம் பார்க்கும் செவிலி. கூட நான்கைந்து பெண்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் ஒவ்வொரு பூட்டையும் திருகி, இழுத்துப் பார்த்து, மறுபடி திருகினார்கள். கூட்டம் கொட்டாவி விட்டது.

"மாமி, குழந்தை பொறந்துடுச்சா?" என்று பிர்மின் கத்தினான்.

"தலை தெரியுது, கொஞ்சம் பொறுடா" என்றாள் ஹெட்விக், நிமிராமலே. மேல ட்ரோஸ்லிங் வழக்கம்போலக் கடைசி.

தொடக்கக் கோட்டில் நிற்கும்போது செவரினுக்கு மனசு கேட்கவில்லை. "லாம்பெர்ட், ஊருக்குப் போனதும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தண்ணி விட்டுப் பாத்துடலாமா?"

"வாயை மூடிட்டு ஓடுடா, வியன்னா!"

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஹெட்விக் திரும்பி அவனைப் பார்த்தாள்.

கீழ ட்ரோஸ்லிங் ஜெயித்தது. கோப்பையில் பீர் ஊற்றிக் குடித்தார்கள். செவரினைத் தோளில் தூக்கினார்கள். லாம்பெர்ட் அவன் கன்னத்தைக் கிள்ளி, "அடுத்த ஞாயிறு!" என்றார். செவரின் அழுதுவிட்டான். வெயிலில் கண் கூசுவதாகச் சொல்லிச் சமாளித்தான்.

ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. நிலைய முற்றத்தில் மறுநாள் அணிவகுப்புக்கு ஒத்திகை. எல்லோரும் முழுச் சீருடையில். பளபளக்கும் பித்தளைப் பொத்தான்கள். வால்பர்கா மறுநாள் விருந்துக்காக விடுதிச் சமையலறையில் மாவு தோய்த்த ஷ்னிட்ஸல் இறைச்சி பொரித்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதிப் பார்ப்பது நாட்டு வழக்கம். ஒன்பது பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு முந்தி ஊதிட்டான்" என்று லாம்பெர்ட் தன் கடிகாரத்தை நகர்த்தி வைத்தார். "டவுன்ல உக்காந்திருக்கானே, அவனுக்கு நேரம் பாக்கத் தெரியல."

சங்கு நின்றது. மறுபடி ஊதியது. நின்றது. மறுபடி ஊதியது.

"விட்டு விட்டு மூணு தடவை ஊதினா தீன்னுதானே அர்த்தம்?" என்றான் செவரின்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்டா" என்றான் பிர்மின். "சனிக்கிழமை மத்தியானம் எவன் வீட்ல தீப்பிடிக்கும்?"

அப்போதுதான் தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால் புகை எழுந்தது. கறுப்பாக, கொழுப்பு வாசனையோடு. ஷ்னிட்ஸல் வாசனை.

"விடுதி!" என்று லாம்பெர்ட் அலறினார். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மேசை!"

பம்ப்பும் படையும் போய்ச் சேர்ந்தபோது, எண்ணெய்ச் சட்டியில் பிடித்த தீ சமையலறை ஜன்னலை நக்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. வால்பர்கா மாவு அப்பிய கையோடு தெருவில் நின்றாள். உள்ளே யாரும் இல்லை. ஊரே கூடியிருந்தது.

நால்வர் முன்வாசல் வழியாகப் பாய்ந்தார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான்கு பேரும் ஓக் மேசையோடு வெளியே வந்தார்கள். கூட்டம் கைதட்டியது. மறுபடி பாய்ந்து இரண்டு பீர் பீப்பாய்களோடு வந்தார்கள். இன்னும் பலமான கைதட்டல். மேசையை விடுதியின் மரப் பால்கனிக்கு அடியில், ஜெரேனியம் பூந்தொட்டிகளின் நிழலில் பத்திரமாக வைத்தார்கள்.

பிறகு லாம்பெர்ட் விசிலை வாயில் வைத்தார்.

அந்த விசில் சத்தத்தில் ஒன்பது உடம்புகளும் யோசிப்பதை நிறுத்தின. ஓடினார்கள். உறிஞ்சுகுழாய்கள் வெண்ணெயில் கத்தி போலப் பூட்டிக்கொண்டன. செவரின் கூடையை மாட்டினான். விடுதிக்குப் பின்னால் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையிலிருந்து இரண்டடி தள்ளி, போட்டி மைதானத்தில் வைத்த அதே மாதிரி, கூடையைப் புல்லில் வைத்தான். நிமிர்ந்தான். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை.

"தாக்குதல் முடிந்தது!"

லாம்பெர்ட் கடிகாரத்தை அமுக்கினார். பார்த்தார். முகம் மலர்ந்தது. "பசங்களா! மாவட்டத்துலகூட இந்த டைம் வரலடா!"

கைதட்டல். ஒன்பது பேரும் சிலையாய் நின்றார்கள். தீ மட்டும் விதிமுறை தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது. பால்கனியிலிருந்து எரியும் பலகை ஒன்று பிய்த்துக்கொண்டு மேசையின் ஒரு மூலையில் விழுந்தது. யாரும் அசையவில்லை. தாக்குதல் முடிந்த பிறகு அசைந்தால் புள்ளி குறைப்பார்கள்.

வால்பர்கா லாம்பெர்ட்டின் முன்னால் வந்து நின்று, மாவுக் கையால் அவர் மார்பில் குத்தினாள்.

"டேய் லாம்பெர்ட்! தண்ணி எங்கடா?"

அந்தக் கேள்வியை செவரின் எங்கேயோ கேட்டிருந்தான். கேட்டவனே அவன்தான் என்பது நினைவுக்கு வர ஒரு கணம் பிடித்தது. பாய்ந்து கூடையைத் தூக்கி ஓடையில் எறிந்தான். பிர்மின் பம்ப்பை முடுக்கினான். பம்ப் உறுமியது, இருமியது, காற்றை விழுங்கியது. லாம்பெர்ட்டின் பன்றிகள் செய்த புண்ணியம், பூட்டுகளில் அப்பியிருந்த கொழுப்பே வாஷராக நின்று கொஞ்சம் தண்ணீரை உள்ளே இழுத்தது. அடுத்த நிமிடம் ஒவ்வொரு பூட்டிலிருந்தும் தண்ணீர் குடைபோல் விரிந்து அடித்தது. பாதிரியார் நனைந்தார். வாத்தியக் குழுவின் பெரிய முரசு நனைந்தது. குழந்தைகள் ஆனந்தக் கூத்தாடின. பீச்சுமுனையில் கடைசியாக வந்து சேர்ந்தது, கிழவன் பல் தேய்த்துத் துப்புகிற அளவு.

மேலத்தெருப் பக்கமிருந்து பழைய வண்டியொன்று கடகடத்து வந்தது. ஹெட்விக் குதித்து இறங்கினாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க. பிரசவ அறையில கூட்டம் போடாதீங்க!"

அவர்கள் ஓடவில்லை. நடந்தார்கள். கூடையை முதலில் ஓடையில் இறக்கினார்கள். ஒவ்வொரு பூட்டையும் திருகி, இழுத்துப் பார்த்து, மறுபடி திருகினார்கள். இந்தத் தடவை யாரும் கொட்டாவி விடவில்லை. தபால்காரர் முனையைப் பிடித்தார். தண்ணீர் கட்டைபோல் கனமாகப் போய்த் தீயின்மேல் விழுந்தது. சமையலறையும் கணப்பறையில் பாதியும் போயின. மீதி விடுதி தப்பியது.

மேசையைப் பார்க்க அதற்குப் பிறகுதான் யாருக்கோ தோன்றியது. மூன்று கால்கள் இருந்தன.

சாயங்காலம் மாவட்ட அதிகாரி விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. லாம்பெர்ட் செவரினை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"கூடையை வெச்சது யாரு?"

"நான்தான். நீங்க காட்டின இடத்துல."

"யாரு வெச்சதுன்னுதான் கேட்டேன்." லாம்பெர்ட் குரலைத் தாழ்த்தினார். "இத பாரு செவரின். மாவட்ட சாம்பியன் தண்ணி விட மறந்துட்டான்னா, நாங்க இனிமே எந்த ஊர் விழாவுக்கும் தலைகாட்ட முடியாது. ஆனா ஒரு புது ஆள் மறந்துட்டான்னா, புது ஆளுதானேன்னு விட்டுடுவாங்க. அதுலயும் வியன்னாக்காரன். யாருக்கும் ஆச்சரியமே இருக்காது."

"நான் மூணு தடவை கேட்டேன், லாம்பெர்ட். எங்க தண்ணின்னு."

"கேட்டே. அதான் உன்கிட்ட பேசிட்டிருக்கேன். நாளைக்கு உறுதிமொழி. அப்புறம் மேசை."

"அதுதான் எரிஞ்சுபோச்சே."

"மூணு கால் இருக்குடா!"

லாம்பெர்ட் போனதும் குழாய்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஹெட்விக் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வண்டி அவளுடையது.

"போட்டி அன்னிக்கு நீ கேட்டதும் என் காதுல விழுந்துச்சு. அதிகாரிகிட்ட நடந்ததைச் சொல்லு, நான் சாட்சி. சொல்லிட்டு எங்ககூட வந்துடு. எங்க ஊர்ல தண்ணி எங்கன்னு கேட்டா கையில வாளியைக் கொடுப்போம்."

செவரினுக்கு நெஞ்சு நிறைந்தது. ஏழு வருடத்தில் யாரும் அவனை எங்கேயும் வா என்று கூப்பிட்டதில்லை.

"வேலை முடிஞ்சப்புறம் நீங்கள்லாம் எங்க உக்காருவீங்க?" என்று கேட்டான்.

"உக்கார்றதா?" ஹெட்விக்குக் கேள்வியே புரியவில்லை. "வேலை முடிஞ்சா அவங்கவங்க வீட்டுக்குப் போவோம்."

"மேசை ஒண்ணும் கிடையாதா?"

"எதுக்கு?"

செவரின் தலை குனிந்துகொண்டான். ஹெட்விக் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தோளில் சுருளை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மாவட்ட அதிகாரி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். "உறிஞ்சுகூடை தண்ணீல இல்லாம புல்லுல இருந்திருக்கு. யாரு பொறுப்பு?"

எட்டுப் பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"நான் சார். மறந்துட்டேன்."

"பூட்டுல ஒண்ணுலகூட வாஷர் இல்ல. அது?"

செவரின் லாம்பெர்ட்டைப் பார்த்தான். லாம்பெர்ட் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் நான்தான் சார்."

"நீ படையில சேந்து எவ்வளவு நாள் ஆச்சு?"

"இன்னும் சேரல சார். நாளைக்குத்தான்."

அதிகாரி அவனை நீண்ட நேரம் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மூன்று கால் மேசையைப் பார்த்தார். அவரும் ஏதோ ஒரு ஊர்ப் படையில் வளர்ந்தவர்தானே. "புரியுது" என்று சொல்லிவிட்டு, காப்பாற்றப்பட்ட பீப்பாயில் ஒரு கோப்பை பிடித்துக் குடித்துவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டில் கெர்லிண்டே ரொட்டியை வெட்டுவதை நிறுத்தினாள்.

"வாஷரையும் உன் தலையில கட்டிட்டாங்களா? அதெல்லாம் லாம்பெர்ட் பொண்டாட்டியோட ப்ளம் ஜாம் ஜாடிங்கள்ல இருக்கு. போன வருஷமே பாத்தேன். மூடிக்குக் கச்சிதமா பொருந்துது."

"பாத்தியா? அப்ப ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? பொம்பளைங்களுக்குப் படையில கேக் சுடுற வேலைதானே." ரொட்டித் துண்டை அவன் தட்டில் வைத்தாள். "நீ செஞ்சது முட்டாள்தனம்னு சொல்ல வந்தேன். ஆனா நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பெட்டி தூக்க ஆள் வருவாங்க. சாப்பிடு."

ஃப்ளோரியன் ஞாயிறன்று செவரின் கொடியில் கைவைத்தான். அடுத்தவருக்கு ஆபத்தென்றால் தயங்காமல் ஓடிவருவேன் என்று சொன்னான். பிர்மின் அவன் முதுகில் ஓங்கி அறைந்து, "இனிமே நீ நம்ம வியன்னாக்காரன்டா!" என்றான். அந்த 'நம்ம' என்ற சொல்லை செவரின் சாயங்காலம் வரை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எந்த ஊர் விழாவுக்குப் போனாலும் அவனை முன்னால் தள்ளி, "தண்ணி மறந்தவன் இவன்தான்" என்று காட்டுவார்கள். பந்தல் முழுதும் சிரிக்கும். யாராவது ஒரு பீர் வாங்கித் தருவார்கள். மேல ட்ரோஸ்லிங் ஆட்கள் மட்டும் சிரிப்பதில்லை. அவர்களைக் கண்டால் அவன் வேறு பக்கம் பார்ப்பான்.

இலையுதிர் காலத்தில் விடுதியைப் புதுப்பித்துக் கட்டினார்கள். புது கணப்பு, புது ஓடு, பழைய மேசை. எரிந்துபோன காலுக்கு மாற்று வைத்துத் தருவதாகப் பிர்மின் சொல்லியிருந்தான். தச்சன் சொன்ன வாக்கு என்பதால் அது நடக்கப்போவதில்லை. செவரினுக்கு அந்த மூலையில் இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து வலது முழங்காலை மேசைக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் பலகை மட்டமாக நிற்கும். காலை எடுத்தால் பன்னிரண்டு கோப்பைகளும் அவன் மடிக்கு வரும்.

"செவரின், எங்க எழுந்திரிக்கிறே? உக்காருடா!"

"அவசரமா போகணும்..."

"குடிச்சி முடிக்கிறவரைக்கும் பொறுத்துக்கோ!"

ஊரில் வேறு யாரையும் இப்படி உட்காரச் சொல்லிக் கெஞ்சியதில்லை.

வானொலிப் பெண் மறுபடி வந்தாள். பரிசும் பெற்று, தீ விபத்தும் கண்ட படை என்று நிகழ்ச்சி தயாரிக்கிறாளாம். இந்தத் தடவை மைக் நேராக செவரின் முன் நீண்டது. "சம்பளம் கிடையாது, நேரம் காலம் கிடையாது. நீங்க எதுக்காக இதுல சேந்தீங்க?"

செவரின் மரத்துப்போன முழங்காலை அசைக்காமல், மீசை இல்லாத உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"அடுத்தவனுக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றதுதாங்க மனுஷத்தனம்."

மேசை முழுதும் தலையாட்டியது. லாம்பெர்ட் அவனைப் பெருமையோடு பார்த்தார்.

அவள் போகிற வழியில், கழிவறைக் கதவோரம் சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞன் பக்கம் மைக்கைத் திருப்பினாள். சால்ஸ்பர்க்கிலிருந்து வந்து குடியேறி இரண்டு மாதமாகியிருந்தவன். "நீங்களும் படையா?"

அவன் கரண்டியை வைத்துவிட்டு வாயைத் திறந்தான்.

"அவரா?" என்று செவரின் அறையின் மறுகோடியிலிருந்து முந்திக்கொண்டான். "அவர் விருந்தாளிங்க."

கதவு திறந்தது. இளைஞனுக்கு இன்னும் நேரம் கணிக்கத் தெரியவில்லை.